நோன்பு மறவனுக்கு எத்தனை பலம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை பத்து நாற்பதுக்குப் பிரளயம் வந்தது. பாளையங்கோட்டையில் வேறு யாருக்கும் இது தெரியாததால் பால்காரர் வழக்கம்போல வந்து பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

பிரளயம் மின்னஞ்சலில் வந்தது. அனுப்பியவர்கள் பெங்களூரில் மேசை விளையாட்டுகள் வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தார். என் தமக்கை மகள் வடிவு, சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, எட்டு மாதம் என் வீட்டு மாடியறையில் தவமிருந்து உருவாக்கிய ‘கோட்டைக்கு அப்பால்’ என்ற கதை விளையாட்டை மூன்று பேரை வைத்து ஆடிப் பார்த்தார்களாம். மூன்று பேரும் ஒரே பாத்திரத்தைத்தான் கேட்டார்களாம். சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுத்ததும் மற்ற இருவரும் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். ‘உங்கள் நோன்பு மறவன் விளையாட்டை உடைக்கிறான். சமன்செய்து வையுங்கள். 22ஆம் தேதி ஞாயிறு நேரில் வந்து ஆடிப் பார்க்கிறோம். அதுதான் கடைசி முறை.’

அந்த நோன்பு மறவனைப் பெற்றவன் நான்.

பின்னாளில் இந்த நாட்குறிப்பை ஆராயப்போகும் அறிஞர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கதை விளையாட்டுக்குக் காய் கிடையாது, கட்டம் கிடையாது. மேசையைச் சுற்றி உட்காருவோம். வடிவு கதை நடத்துவாள். “பாலம் எரியுது, பின்னால பேய்ப்படை வருது, என்ன செய்யுதீய?” என்பாள். வேடன், ஒற்றன், மந்திரக்காரி, நோன்பு மறவன் என்று நான்கு தொழில்கள். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பதில் சொல்லவேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். வேடன் அம்பு விடுவான், ஒற்றன் பூட்டுத் திறப்பான். நோன்பு மறவன் சாமிக்கு நேர்ந்துகொண்டு போரிடுகிற வீரன். அவன் நேர்ந்துகொண்டால் பகடையே வேண்டாம், எந்த அற்புதமும் நடக்கும். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளனாக இருந்தவன் நான்; நான் விசில் ஊதாமல் தென்காசிப் பக்கம் சூரியன்கூட மறைந்ததில்லை. அப்படிப்பட்டவன் எழுதிய விதியில் குறை இருக்க வழியில்லை.

வடிவு மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். “பத்தொம்பது நாள் இருக்கு மாமா. இதுவும் போச்சுன்னா மார்ச் ரெண்டாந்தேதி பழைய கம்பெனில போய் உக்காந்திருவேன். அவங்க கூப்பிட்டுட்டுதான் இருக்காங்க.”

“போயேன். எனக்கென்ன. மாடிய வாடகைக்கி விட்டே மைசூர் அரண்மனைய வாங்கிருவேன்.”

அவள் மேலே போய்விட்டாள். அதன்பிறகு மாடிப்படியை எட்டு முறை பெருக்கினேன். தூசி அதிகம்.

பிப்ரவரி 4, புதன்

இன்று முதல் காபி இல்லை. பாலில் தண்ணீர். வேறு காரணம் ஒன்றுமில்லை.

மாலையில் விசாரணைக் கமிஷன் கூடியது. வழக்கமாக எங்களோடு ஆடும் இருவர்தான் உறுப்பினர்கள். ஒருவன் ஜெராக்ஸ் கடை மைதீன்; குரலால் மட்டுமே மின்விசிறியைச் சுற்றவைப்பவன். மற்றவர் நர்ஸ் ரோஸ்லின். ஊசியைக் காட்டாமலேயே யானையைப் படுக்கவைப்பவர்.

வடிவு கேட்டாள்: “மைதீன் அண்ணே, போன ஆட்டத்துல உங்க மறவன் எத்தன தடவ நேர்ந்துகிட்டான்?”

மைதீன் தன் தாளைப் பார்த்தான். “நாப்பத்தொண்ணு.”

“எத்தன நிறைவேத்துனான்?”

“இப்பதானம்மா நேர்ந்திருக்கு. மெதுவா செய்யலாம்.”

“மெதுவான்னா எப்ப?”

“எங்க வாப்பா தர்காவுக்கு நேர்ச்ச நேர்ந்தது நான் பொறந்தப்ப. எனக்கு நாப்பத்தாறு ஆவுது. இன்னும் செய்யணும் செய்யணும்னுதான் சொல்லுதாரு.”

ரோஸ்லின் தலையாட்டினார். “எங்க வீட்டுலயும் ஆளுயர மெழுகுதிரிப் பொருத்தன ஒண்ணு நிக்கி. எங்கண்ணன் பத்தாங்கிளாஸ் பாஸானதுக்கு. இப்ப அவன் மவ பத்தாங்கிளாஸு.”

நான் என்னுடையதைச் சொல்லவில்லை. திருச்செந்தூருக்கு ஒரு மொட்டை, 1987. என் முடியின் அழகைப் பார்த்துச் சாமியே வற்புறுத்தவில்லை.

வடிவு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “எட்டு மாசமா வாரத்துக்கு மூணு நாள் ஆடுதோம். நேர்ந்துகிட்டா எப்பச் செலுத்தணும்னு விதில ஒரு வரி இல்ல. நாலு பேருக்கும் அது தப்பாவே தோணல பாருங்க. பெங்களூர்க்காரங்க அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டாங்க.”

உண்மைதான். நேர்த்திக்கடன், நேர்ச்சை, பொருத்தனை என்று மூன்று பேரும் மூன்று பெயரில் சொன்னாலும், பிறகு செலுத்துவது என்பதில் மூன்று சமயமும் ஒரே கட்சி. சமய நல்லிணக்கம் ஒரு விளையாட்டைக் கொன்றதாக வரலாற்றில் இதுதான் முதல் பதிவு.

பிப்ரவரி 6, வெள்ளி

புதிய விதி: நேர்ந்தால் அன்றைய ஆட்டத்துக்குள் செலுத்தவேண்டும்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம் மைதீனின் மறவன் ஒரு மலையைப் பெயர்த்தான். “என்ன நேர்ந்துகிட்டீய?” என்றாள் வடிவு.

“இனி பாவக்கா திங்க மாட்டேன்.”

“இதுக்கு முன்னால தின்னீயளா?”

“வாயில வச்சதில்ல.”

அடுத்து ஒரு படையையே தூங்கவைத்தான். அதற்கு விலை, ஆற்றின் நடுவில் படுத்துத் தூங்கமாட்டானாம். பிறகு செத்துப்போன ராணியை எழுப்பினான். அதற்கு, தன் மைத்துனன் வீட்டுக்கு இனி போகமாட்டானாம்.

“அது நோன்பா, வரமா வே?” என்று கேட்டேன். ரோஸ்லின் சிரித்துச் சிரித்து இருமினார். வடிவு சிரிக்கவில்லை. நாட்காட்டியில் ஒரு கட்டத்தை அடித்தாள். அவள் பேனா தாளைக் கிழித்தது. நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மறவனின் பலத்தையே குறைத்துப் பார்த்தோம். ஆட்டத்துக்கு ஒரே ஒரு அற்புதம், அதுவும் சின்னதாக. விளைவு: என் மகன் போன்ற அந்த மாவீரன் மூன்று மணி நேரம் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு நின்றான்.

“இவன எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்?” என்றார் ரோஸ்லின்.

“பை தூக்க” என்றான் மைதீன்.

பலத்தைக் கூட்டினால் மற்ற எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். குறைத்தால் அவனை யாரும் சீந்தவில்லை. இடையில் ஒரு புள்ளி இருக்கிறது என்கிறாள் வடிவு. ஏழு எண்களை மாற்றி மாற்றிப் போட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அவள் கணினித் திரையில் சென்னைக் கம்பெனியின் கடிதம் திறந்திருந்தது. ‘2 மார்ச் அன்று இணைவதை உறுதிசெய்க’ என்று கீழே ஒரு பொத்தான். அழுத்தவில்லை. நான் நான்கு தரம் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டு செருப்பிலும், ஒரே நேரத்தில். விசித்திரம்தான். புதிதாக வாங்கும் எண்ணமில்லை. பாதத்துக்குப் பூமியின் காந்தம் நல்லதாம்.

பிப்ரவரி 11, புதன்

இன்று வடிவின் மூளையில் மின்னல் அடித்தது. அந்த வெளிச்சத்தில் நான் தினத்தந்தி வாசித்தேன்.

விதி இதுதான்: நோன்பை முதலில் செலுத்தவேண்டும், அற்புதம் அப்புறம். எதை இழப்பது என்பதை மறவனாக ஆடுகிறவர் தீர்மானிக்கக்கூடாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிப்பார்.

மைதீனுக்கு வலப்பக்கம் ரோஸ்லின். கோட்டைக் கதவைத் திறக்கவேண்டும் என்றான் மைதீன்.

“உன் குதிரைய விடு.”

“யக்கா, குதிர எதுக்கு? அது எம்புள்ள மாதிரி.”

“அதனாலதான் கேட்டேன்.”

மைதீன் பத்து நிமிடம் யோசித்தான். ஒரு கற்பனைக் குதிரைக்காக. கடைசியில், “கதவு கெடக்கட்டும், ஒற்றன் சுவரேறிப் போகட்டும்” என்றான். ரோஸ்லினின் ஒற்றன் சுவரேறினான், கால் வழுக்கினான், தொங்கினான். எல்லோரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம். எட்டு நாளில் முதல் முறையாக வடிவு பல் தெரியச் சிரித்தாள்.

தப்பித்தோம் என்று எழுதலாமா? எழுதுகிறேன். தப்பித்தோம்.

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டிலில் மூட்டைப்பூச்சி. தரையில் படுக்கிறேன். மூட்டைப்பூச்சி யார் கண்ணிலும் படவில்லை என்கிறாள் வடிவு. அவை வெட்கப்படும் இனம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தப்பிக்கவில்லை.

இன்று மறவனாக நான் ஆடினேன். பெற்றவன் ஆடினால் பிள்ளை எப்படியிருப்பான் என்று உலகத்துக்குக் காட்ட நினைத்தேன். வலப்பக்கம் மைதீன்.

முதல் ஆபத்தில் கண்ணைக் கேட்டான். கொடுத்தேன். ரோஸ்லினின் வேடத்தி மீது வந்த அம்புகள் காற்றில் நின்றன. அடுத்து வலக்கை. கொடுத்தேன். அடுத்து என் பெயர், அதாவது கதைக்குள் இனி யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கொடுத்தேன். மைதீனுக்கே பயம் வந்துவிட்டது. “அண்ணாச்சி, கொஞ்சம் யோசிங்க வே” என்றான். நான் யோசிக்கவில்லை. குருடனாய், முடவனாய், பெயரற்றவனாய் நின்று அத்தனை பேரையும் காப்பாற்றினேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இதிகாசங்கள் பிச்சை வாங்கவேண்டும்.

ஆட்டம் முடிந்து கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

ரோஸ்லின் தன் தாளை மடித்தார். “ரெண்டு மணி நேரம் என் வேடத்தி ஒண்ணும் செய்யல. பாலத்துல அவ நிக்கப் போனா. தனியா நின்னு எல்லாரையும் அனுப்பணும்னு மனசுல வச்சிருந்தேன். அண்ணாச்சி கண்ணக் குடுத்து முடிச்சிட்டாரு.”

“உயிரக் காப்பாத்துனது தப்பா ரோஸ்லினு?”

“செத்தா செத்துட்டுப் போறா. அவ என் ஆளு.”

வடிவு மெதுவாகச் சொன்னாள். “மைதீன் அண்ணன் ஆடுனா விதி நிக்கி. நீங்க ஆடுனா உடையுது மாமா. எத கேட்டாலும் குடுக்கிற ஒருத்தன எந்த எண்ணும் தடுக்காது. அப்படி ஒருத்தர் பெங்களூர்லயும் இருப்பாங்க.”

ஏழு நாள் இருக்கிறது. அவள் மாடிக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மின்கட்டணச் சீட்டைத் தேடுவது போல அந்தப் பக்கம் மூன்று முறை போனேன். என்னிடம் இன்னும் எதைக் கேட்டால் கொடுப்பேன் என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நாடு கடத்தப்பட்டேன். 22ஆம் தேதி மேசையில் எனக்கு இடமில்லை. அடுக்களையில் முறுக்கு, டீ இலாகா.

“கோவமா மாமா?”

“கோவமா? பெரும் பாரம் கழிஞ்சுது. நான் ஏற்கெனவே உலகப் புகழ் அடஞ்சாச்சு.”

இன்று முதல் இரவுச் சாப்பாடும் இல்லை. பசிப்பதில்லை. பசித்தாலும் அது பசி இல்லை, வாயு.

பிப்ரவரி 18, புதன்

வடிவு எழுதுகிறாள், கிழிக்கிறாள். இழப்புக்கு வரம்பு வைத்தால் மறவன் கணக்குப்பிள்ளையாகிவிடுகிறான். வைக்காவிட்டால் என்னைப்போன்றவன் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். மாலையில் அந்தச் சென்னைக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். ‘மதிப்புக்குரிய’ வரை பார்த்தேன்.

காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். இட்லி மாவு புளித்துவிட்டது. மாவு அரைப்பது நான்தான் என்பதால் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் பேனா.

பகல் பதினொரு மணிக்கு விதித்தாள்களை எடுத்துவர மைதீன் கடைக்கு நடந்தேன். வெயிலுக்கு என்மேல் தனிப்பட்ட பகை. கடை வாசலில் நின்று பார்த்தபோது ஜெராக்ஸ் எந்திரம் இரண்டாகத் தெரிந்தது. தொழிலில் முன்னேறிவிட்டான் என்று மகிழ்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். தாள் கட்டுகளின்மேல் நான் சரிந்தேனாம். தரை அதிர்ந்ததில் திருநெல்வேலிச் சந்திப்பில் ரயில் நின்றிருக்கவேண்டும்.

மைதீனுக்கு இன்று முதல் ரமலான் நோன்பு. தன் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காதவன், பக்கத்துக் கடைக்கு ஓடிச் சர்க்கரை போட்ட டீயைக் கொண்டுவந்து எனக்கு ஊட்டியிருக்கிறான். ரோஸ்லின் ஸ்கூட்டரில் வந்து, சர்க்கரை பார்க்க என் விரலில் குத்தினார்.

“அம்பத்திரெண்டு. சுகர் மாத்திர போட்டீயளா?”

“கடமை தவறுனதில்ல.”

“சாப்ட்டீயளா?”

கூரையில் சிலந்திவலை இருந்தது. அதைப் பற்றிச் சொன்னேன்.

வடிவு என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாறு கொப்புளங்கள், அதில் இரண்டு உடைந்தவை. பெரிதுபடுத்துவதற்கு ஒன்றுமில்லை.

“காபி” என்றாள். “செருப்பு. கட்டிலு. சாப்பாடு. எனக்காகவா நேர்ந்துகிட்டீய?”

“பால்ல தண்ணி.”

யாரும் சிரிக்கவில்லை. மைதீன் எந்திரத்தை நிறுத்திவிட்டான்.

“யாரு மாமா கேட்டா உங்ககிட்ட? நான் கேட்டனா? உனக்காக இத விடப்போறேன், சரியான்னு ஒரு வார்த்த கேட்டீயளா? கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பேன்லா.”

“அதனாலதான் கேக்கல.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. “கேக்கல” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டே எழுந்தாள். பிறகு குப்பைக்கூடையிலிருந்து யாருடையதோ ஆதார் அட்டையின் கறுத்துப்போன நகல் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து வாசித்தாள்:

‘மறவன் யாரைக் காப்பாற்ற நேர்கிறானோ அவரிடம் முதலில் கேட்கவேண்டும். தான் எதை இழக்கப்போகிறான் என்பதைச் சொல்லிக் கேட்கவேண்டும். அவர் வேண்டாம் என்றால் நோன்பு செல்லாது. ஒருமுறைதான் கேட்கலாம்.’

“எண்ணெல்லாம் எங்க?” என்றான் மைதீன்.

“எண்ணே வேண்டாம்ணே.”

ரோஸ்லின் எனக்கு இன்னொரு டீயைக் கொடுத்தார். “இத குடிக்கதுக்கு உங்ககிட்ட கேக்க மாட்டேன்” என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

செருப்பு வாங்கித் தரப்பட்டது. மூன்று வேளையும் காவலர்கள் முன்னிலையில் உண்டேன். கைதிகளுக்குக்கூட ஊறுகாய் மறுக்கப்படுவதில்லை என்று முறையிட்டேன். பலனில்லை.

நான்கு மணிக்கு ஆடிப் பார்த்தார்கள். மைதீன் மறவன், ரோஸ்லின் வேடத்தி. அதே எரியும் பாலம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த வடிவு குதிரையைக் கேட்டாள். “என் குதிரையத் தாரேன், நீ இந்தப் பக்கம் வந்துரு. ஏத்துக்கிடுதியா?” என்று மைதீன் கேட்டான். நோன்பு வறட்சியில் குரல் கரகரத்தது.

“வேண்டாம்” என்றார் ரோஸ்லின்.

“குதிர யக்கா. நான் குடுக்கேங்கேன்.”

“நீ வச்சுக்கோ. நான் நிக்கேன்.”

பகடை உருண்டது. வேடத்தி பாலத்தோடு போனாள். மைதீன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னலருகில் போய் நின்றுகொண்டான். “சவம், வெளையாட்டுதான” என்றான், தெருவைப் பார்த்து. ரோஸ்லின் முகம் ஒரு ராணியின் முகம் போல இருந்தது.

வடிவு நாட்காட்டியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டு நாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து பார்கவி என்ற அம்மாளும் அவருடைய அலுவலகப் பையன் ஒருவனும் வந்தார்கள். பார்கவிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை ஏற்றி அவர் பார்த்தால் சுவரிலுள்ள பல்லி தன் பிறப்புச் சான்றிதழைத் தேடும். பத்தேகாலுக்கு ரோஸ்லினுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. விபத்துக் கேஸ், உடனே வரவேண்டுமாம். நான்கு நாற்காலியில் ஒன்று காலி.

அடுக்களையில் முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடிவின் முகத்தில் ரத்தமில்லை.

“இவர்தானா மறவனை பண்ணினது?” என்றார் பார்கவி. “அப்போ அவரே ஆடட்டும். எங்களுக்கும் பாக்கணும்.”

மறுத்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தேன். வடிவு என் காதருகே குனிந்து, பகடையை மேசையில் வைத்தாள். “ஒரு தடவதான் கேக்கலாம்” என்றாள். கெஞ்சுகிற குரல்.

இரண்டு மணி நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. பையன் ஒற்றனாக இரண்டு பூட்டுகளைத் திறந்தான். மைதீன் வேடனாக ஒரு பன்றியைத் தவறவிட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தான். என்னை யாரும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கடைசியில் கோட்டைக்கு அடியிலிருந்த சுரங்கத்தில் ஆற்றுநீர் புகுந்தது. மதகை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மற்ற மூவர் வெளியே வரமுடியும். பார்கவியின் மந்திரக்காரி பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்தது.

மைதீன் என் வலப்பக்கம். “கண்ணு ரெண்டும்” என்றான். அவன் குரலே சரியில்லை.

நான் பார்கவியைப் பார்த்தேன். “அம்மா, என் கண் ரெண்டையும் தாரேன். தண்ணி வடிஞ்சிரும். ஏத்துக்கிடுதீயளா?”

அவர் தன் தாளைப் பார்த்தார். மதகைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

“வேண்டாம்” என்றார். “நீங்க பாத்துட்டு போங்க. யாராவது பாக்கணும்ல.”

இன்னொரு தரம் கேட்கலாம் என்று நாக்கு துடித்தது. ஒரு சொல் போதும், அந்த அம்மாளை மனம் மாற்றிவிடலாம். டிரைவர்களின் வேலைநிறுத்தத்தையே பேசிக் கலைத்த நாக்கு இது. வடிவு என்னைப் பார்க்கவில்லை. பகடையைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். வாயை மூடினேன். முப்பத்தொரு வருடத்தில் பேருந்துகளை நான் நிறுத்தியிருக்கிறேன், விரட்டியிருக்கிறேன். சும்மா போகவிட்டது இதுதான் முதல் தடவை.

இருபதுக்கு நான்குதான் விழுந்தது. மந்திரக்காரி மூழ்கினாள்.

பையனின் கைபேசி மேசையின்மேல் அதிர்ந்தது; அவன் எடுக்கவில்லை. பார்கவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

“இன்னொரு ஆட்டம் ஆடலாமா?” என்றார். “இந்த தடவ மறவன் எனக்கு.”

பிப்ரவரி 24, செவ்வாய்

வெற்றி. முரசுகள் கிடைக்காததால் இட்லிக் கொப்பரையைத் தட்டினேன். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் அறிவித்தேன்.

விளையாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். அட்டையில் வடிவின் பெயர். அவளே அங்கு வந்து ஒரு வருடம் உடனிருந்து முடித்துத் தரவேண்டுமாம். அதற்குப் பிறகு அடுத்த விளையாட்டும் அவளையே செய்யச் சொல்கிறார்களாம். மார்ச் 2 முதல்.

மார்ச் 2 என்பதைப் பார்த்ததும் அது சென்னைத் தேதி என்றுதான் முதலில் நினைத்தேன். பெங்களூர் என்று போட்டிருந்தது. நல்ல ஊர். அங்கே வெயிலே கிடையாதாம், மக்கள் சூரியனைப் படத்தில்தான் பார்ப்பார்களாம்.

மாடிப்படியைப் பெருக்கினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

அவளுக்கு ஸ்வெட்டர் வாங்கினோம். நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். சண்டை நன்றாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 28, சனி

நாளை மாலை பேருந்து. தூங்கும் வசதியுள்ளது. நேரக்காப்பாளனிடம் பேசிவிட்டேன், நான் பயிற்றுவித்த பையன்தான், ஒரு நொடி தாமதமாகாது என்றான். எதற்கு அப்படிச் சொன்னான் என்று கோபம் வந்தது.

மதியம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, பார்கவி மேடத்துட்ட பேசுனேன். இங்க இருந்தும் செய்யலாமாம். ஆனா அட்டைல அவங்க ஆளு பேருதான் முதல்ல வரும். நான் உதவின்னு சின்னதா வரும். அடுத்த விளையாட்டு எனக்குக் கிடையாது.” ஒரு துண்டை மடித்தாள். “எனக்கு அது பரவால்ல. நெசமாத்தான் சொல்லுதேன். இங்கயே இருந்துரட்டா?”

எதை இழக்கப்போகிறாள் என்பதையும் சொல்லித்தான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு எத்தனையோ சொல்ல வரும். மைசூர் அரண்மனை, மாடி வாடகை, உலகப் புகழ். தேடினேன். ஒன்றும் இல்லை.

“வேண்டாம்” என்றேன்.

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. “சரி” என்று பெட்டியை மூடி ஜிப்பை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. நான் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்தேன். அவள் முட்டிபோட்டு இழுத்தாள். மூலை திரும்பி, ஜிப் கடைசிவரை போய் மூடிக்கொண்டது.

மூடிய பிறகும் நான் இறங்கவில்லை.